0.4 என்ற எண் எங்கிருந்து வந்தது?

 இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் குடும்பக் குழுவில் என் தங்கையின் பேத்தி ஒரு கேள்வி போட்டாள். இரண்டாம் ஆண்டு எலக்ட்ரிகல் படிக்கிறாள். "தாத்தா, டிரான்ஸ்மிஷன் லைனோட இம்பீடன்ஸை சாஃப்ட்வேர் ஒரு நொடியில கொடுத்துடுது. உங்க கிளாஸ்ல ஒரு பீரியட் முழுக்க இதைத்தான் போடுவீங்களாமே, சித்தப்பா சொன்னார். அப்படி என்னதான் போட்டீங்க?" அவள் சித்தப்பா என்னிடம் படித்தவன்தான். அவனுக்குக் கணக்கு நினைவில்லை, பீரியட் நீண்டது மட்டும் நினைவிருக்கிறது. அவளுக்குக் குழுவிலேயே பதில் எழுதத் தொடங்கினேன். அது இந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது.

எலக்ட்ரிகல் படிக்காத உறவினர்களுக்காக முதலில் இரண்டு வரி. மின்சாரம் போகும் கம்பிக்கு ஒரு தடை உண்டு, அது ரெசிஸ்டன்ஸ். அது கம்பியைச் சூடாக்கும். நம் வீட்டுக்கு வருவது நொடிக்கு 50 சுழற்சியாகத் திசை மாறும் மின்சாரம். அது கம்பியைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை எழுப்பி, அடக்கி, மறுபக்கம் எழுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புலம் மின்சாரம் மாறுவதை எதிர்க்கிறது, அது ரியாக்டன்ஸ். இரண்டும் சேர்ந்தது இம்பீடன்ஸ். ஆனால் 3 ஓமும் 4 ஓமும் சேர்ந்தால் 7 வராது, 5 வரும். ஒன்று கிழக்கே இழுக்கிறது, இன்னொன்று வடக்கே இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த "வடக்கு" விஷயத்தைப் பிடிப்பதற்குள் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பதினைந்து வருடங்கள் போய்விட்டன.

இம்பீடன்ஸ் என்ற சொல்லை 1886இல் உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைட். லண்டன்காரர், கல்லூரி வாசலை மிதிக்காதவர், காது சரியாகக் கேட்காதவர். நீண்ட கம்பியில் மின்சாரம் எப்படிப் போகிறது என்பதற்கு நாம் இன்றும் எழுதும் சமன்பாடுகள் அவருடையவை. ஆனால் அவர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்டவர்கள் அன்று மிகக் குறைவு.

ஆர்தர் கென்னலியைப் பற்றி நான் வகுப்பில் சொன்னது சிலருக்கு நினைவிருக்கலாம். அவர் பிறந்தது நம் பம்பாயில், கொலாபாவில், 1861இல். அவர் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பின்னாளில் எடிசனிடம் சேர்ந்து, அதன்பின் ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார். 1893 ஏப்ரலில் "இம்பீடன்ஸ்" என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை வாசித்தார். ரெசிஸ்டன்ஸை ஒரு கலப்பு எண்ணின் மெய்ப்பகுதியாகவும் ரியாக்டன்ஸைக் கற்பனைப் பகுதியாகவும் வைத்துக்கொண்டால், திசை மாறும் மின்சாரத்துக்கும் பழைய ஓம் விதியே போதும் என்று அதில் காட்டினார். அதே வருடம் ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த மாநாட்டில் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் இதையே முழு முறையாக வளர்த்து வைத்தார். இவர் கூன் முதுகோடு நான்கடி உயரம்தான் இருப்பார். சோஷலிசம் பேசியதால் ஜெர்மனியில் இருக்க முடியாமல் தப்பி அமெரிக்கா வந்தவர். அதுவரை ஒவ்வொரு கணக்குக்கும் வகைக்கெழுச் சமன்பாடு எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கேலும் பென்சிலும் வைத்து அம்புக்குறிப் படம் வரைய வேண்டும். அதன்பிறகு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதும் என்றாயிற்று. கணக்கு மாணவர்கள் "மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் எதற்கு உதவும்?" என்று கேட்டால் இதைத்தான் நான் காட்டுவேன்.

கென்னலி, ஹெவிசைட் இருவர் பெயரும் வேறோர் இடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் வானத்து அடுக்கு ஒன்றுக்குக் கென்னலி-ஹெவிசைட் அடுக்கு என்று பெயர். இருவரும் தனித்தனியே அதைச் சொன்னது 1902இல். அந்த வருடம் நமக்குப் பக்கத்திலும் ஒன்று நடந்தது. காவிரி மைசூர் ராஜ்ஜியத்தில் விழும் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. தூரம் 92 மைல், உலகத்தின் மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று அன்று அது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, தென் ஆற்காடு பக்கத்திலிருந்து போன நம் ஆட்கள். நம் சொந்தத்திலேயே கே.ஜி.எஃப். தாத்தா என்று ஒருவர் இருந்தாரே, அவர் தலைமுறை. அந்த லைனில் மின்சாரம் நொடிக்கு 25 முறைதான் சுழன்றது, 50 இல்லை. ஏன் இதைச் சொல்கிறேன் என்பது கணக்கைப் போட்டால் தெரியும்.

சரி, போடுவோம். உறவினர்கள் வேண்டுமானால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மாணவர்கள் தாண்டக் கூடாது.

110 ஆயிரம் வோல்ட் லைன், மூன்று கம்பிகள், ஒரே வரிசையில் படுக்கையாக. அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே 4 மீட்டர். ஓரத்துக் கம்பிகள் இரண்டுக்கும் இடையே 8 மீட்டர். கம்பி "பேந்தர்". அலுமினியக் கம்பிகளுக்கு நடுவே எஃகு வைத்துத் திரித்த கண்டக்டர்களுக்கெல்லாம் ஆங்கிலேயர் மிருகப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள்: வீசல், ராபிட், டாக், பேந்தர், ஜீப்ரா, மூஸ். சின்னக் கம்பிக்குச் சின்ன மிருகம். ஒரு மாணவன் தேர்வில் "டைகர்" என்று எழுதினான். தவறாக எழுதியிருப்பான் என்று அடிக்கப் போனேன். அட்டவணையைப் பார்த்தால் டைகரும் இருந்தது, மார்க் போட்டேன்.

மூன்று இடைவெளிகளின் பெருக்குச் சராசரி முதலில். 4, 4, 8 மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் 5.04 மீட்டர், அதாவது 5040 மி.மீ. அடுத்து கம்பியின் ஆரம். பேந்தரின் விட்டம் 21 மி.மீ., ஆரம் 10.5. ஆனால் ஆரத்தை அப்படியே போடக் கூடாது. கம்பிக்கு உள்ளேயும் காந்தப்புலம் இருக்கிறது, அதற்காக ஆரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். திடமான உருளைக் கம்பி என்றால் 0.7788ஆல் பெருக்க வேண்டும், பேந்தர் போலத் திரித்த கம்பிக்கு 0.826. பெருக்கினால் 8.67 மி.மீ. இனி லாக் டேபிள். 5040க்கு 3.7024. 8.67க்கு 0.9380. கழித்தால் 2.7644. அதை 0.1447ஆல் பெருக்கினால் கிலோமீட்டருக்கு 0.40 ஓம். ரியாக்டன்ஸ் வந்துவிட்டது. அந்த 0.1447 மந்திர எண் இல்லை. 50 சுழற்சியையும், காற்றின் காந்தக் குணத்தையும், லாகின் அடியை மாற்றும் 2.3026ஐயும் பெருக்கி மூட்டை கட்டி வைத்தது. ரெசிஸ்டன்ஸ் அட்டவணையில் சுமார் 0.14. ஆகவே இம்பீடன்ஸ் கிலோமீட்டருக்கு 0.42 ஓம், கோணம் ஏறக்குறைய 71 டிகிரி.

இதில் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது அந்த லாக்தான். இடைவெளியை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள், 4 மீட்டரை 8 ஆக்குங்கள். 2இன் லாக் 0.3010, அதை 0.1447ஆல் பெருக்கினால் 0.044 மட்டுமே கூடும். 0.40 என்பது 0.44 ஆகும், அவ்வளவுதான். டவர் அகலத்தை இரட்டிப்பாக்கியும் பத்தில் ஒரு பங்குதான் நகர்கிறது. அதனால்தான் பெரும்பாலான லைன்களுக்கு 0.4 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிறது. "சார், இடைவெளியை அளந்ததில் அரை அடி பிசகு" என்று சைட்டிலிருந்து போன் செய்தவர்களிடம் "பரவாயில்லை, சாப்பிடப் போ" என்று நான் சொன்னதற்கும் இதுவே காரணம்.

இப்போது கோலாருக்கு வாருங்கள். 92 மைல் என்றால் சுமார் 148 கி.மீ. 0.4 போட்டால் 59 ஓம். அங்கே கம்பி வேறு, இடைவெளி வேறு. ஆனால் லாக் என்பதால் விடை ரொம்ப விலகாது. சுழற்சி பாதி என்பதால் ரியாக்டன்ஸும் பாதி, சுமார் 30 ஓம். 25 சுழற்சியைத் தேர்ந்தெடுக்கப் பல காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் 92 மைல் தள்ளிச் சுரங்கத்து மோட்டாரை ஓட்ட வேண்டியவனுக்கு இந்தப் பாதி பெரிய கொடை.

இதுவரை போட்டது சுலபமான பாகம். 80 கி.மீ.க்குள் இருக்கும் லைனுக்கு இது போதும். லைன் நீளமானால் கம்பிக்கும் பூமிக்கும் நடுவே, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே மின்னேற்றம் தங்கத் தொடங்குகிறது. கம்பியின் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் மின்சாரம் பக்கவாட்டில் கசிவது போல. 250 கி.மீ. தாண்டினால் ஹெவிசைட்டின் சமன்பாட்டை முழுதாகவே தீர்க்க வேண்டும். அதில் ஹைப்பர்பாலிக் கோசைன், ஹைப்பர்பாலிக் சைன் வரும், அதுவும் கலப்பு எண்ணுக்கு. கையில் போட்டவர்களுக்கு அது என்ன பாடு என்று தெரியும். முதலில் ஒரு கலப்பு எண்ணின் வர்க்கமூலம். அதை நீளத்தால் பெருக்கி, மெய்ப்பகுதிக்கு இரண்டு அட்டவணை, கற்பனைப் பகுதிக்கு இரண்டு அட்டவணை, பிறகு நான்கு பெருக்கல். வந்த விடைகளை வோல்டேஜோடும் மின்சாரத்தோடும் மறுபடி கலப்பு எண்ணாகப் பெருக்க வேண்டும். கூட்டுவதற்கு ஒரு வடிவம், பெருக்குவதற்கு இன்னொரு வடிவம், மாறி மாறி மாற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு மைனஸ் குறி தொலைந்தால் விடையில்தான் தெரியும், சில சமயம் அங்கேயும் தெரியாது. கென்னலி இதற்காகவே 1914இல் கலப்பு எண்களுக்கான அட்டவணைப் புத்தகம் ஒன்று வெளியிட்டார். அவர் செய்த பெரிய உபகாரங்களில் அதையும் சேர்ப்பேன்.

இந்தக் கணக்குகளை யார் போட்டார்கள்? பாடப்புத்தகத்தில் சமன்பாட்டுக்குப் பெயர் இருக்கும், கணக்குப் போட்டவருக்கு இருக்காது. அமெரிக்காவில் அந்த வேலைக்கு ஒரு பதவிப்பெயர் இருந்தது: கம்ப்யூட்டர். அன்று கம்ப்யூட்டர் என்றால் மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஆள், பெரும்பாலும் கணக்கு படித்த பெண். எஞ்சினியர் சமன்பாட்டை எழுதிக் கொடுப்பார், கம்ப்யூட்டர் எண்ணைப் போட்டு விடை கொண்டுவருவார்.

அப்படி இருந்தவர்களில் ஒருவர் எடித் கிளார்க். நாம் லேபில் கிழியக் கிழியப் புரட்டிய கிளார்க்ஸ் டேபிள் வேறு ஒருவருடையது, குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் மேரிலாண்ட் மாநிலத்துக் கிராமப்புறத்தில் 1883இல் பிறந்தவர். 12 வயதுக்குள் அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். பங்காக வந்த சொத்தைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளாமல் கல்லூரிக்குச் செலவழித்தார். வாசர் கல்லூரியில் கணிதமும் வானியலும் படித்து 1908இல் வெளியே வந்தார். கொஞ்ச காலம் நம்மைப் போல வாத்தியார் வேலை. பிறகு விஸ்கான்சினில் சிவில் எஞ்சினியரிங் சேர்ந்து, ஒரு வருடத்தில் விட்டுவிட்டு ஏ.டி. அண்டு டி. தொலைபேசி நிறுவனத்தில் ஜார்ஜ் கேம்பெல்லிடம் கம்ப்யூட்டராகப் போனார். தொலைபேசிக் கம்பியும் மின்கம்பியும் ஒரே சமன்பாட்டின் பிள்ளைகள். நீண்ட கம்பியின் கணக்கு முழுவதும் அங்கேதான் அவர் கைக்கு வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பெண் கம்ப்யூட்டர்கள் அடங்கிய ஒரு குழுவையே நடத்தினார்.

1919இல் எம்.ஐ.டி.யில் எலக்ட்ரிகல் எஞ்சினியரிங்கில் முதுகலைப் பட்டம் வாங்கினார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். பட்டம் வந்தது, எஞ்சினியர் வேலை வரவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் அவரை எடுத்துக்கொண்டது, மறுபடியும் கம்ப்யூட்டர்களை மேற்பார்க்கும் வேலைக்கு. 1921 ஜூனில் ஒரு கருவிக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். நீண்ட லைனின் கணக்கை வரைபடம் மூலமாகவே தீர்த்துக் கொடுக்கும் கருவி. மேலே நான் புலம்பிய அத்தனை ஹைப்பர்பாலிக் வேலையையும் பழைய முறையைவிடப் பத்து மடங்கு வேகமாக முடித்தது. இப்படிப்பட்ட ஒன்று கூட்டத்தில் ஐடியா சொல்கிறவருக்குத் தோன்றாது. அதே கணக்கை ஆயிரம் தடவை போட்டு விரல் வலித்தவருக்குத்தான் தோன்றும் என்பது என் எண்ணம். காப்புரிமை கிடைத்தது 1925 செப்டம்பரில். அதற்கு முன்பே வேலை அலுத்து, 1921இலேயே துருக்கிக்குப் போய் கான்ஸ்டான்டிநோபிள் பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்தினார். 1922இல் திரும்பியபோது ஜெனரல் எலக்ட்ரிக் அவரை எஞ்சினியராகவே எடுத்துக்கொண்டது. வயது 39.

இதை எழுதும்போது நம் கல்லூரியின் ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். பெயர் வேண்டாம், படித்துக்கொண்டிருப்பாள். 1980களில் நம் பிராஞ்சில் பெண்களை விரல் விட்டு எண்ணலாம். லாக் டேபிளே இல்லாமல் மூன்று இலக்கம் வரை மனதில் போடுவாள். வளாக நேர்முகத்துக்கு வந்த ஒரு தனியார் நிறுவனம் அவளுக்குப் பின்னால் நின்ற நான்கு பையன்களை எடுத்துக்கொண்டது. அவளிடம் "லேடீஸுக்கு டிராயிங் செக்ஷன்தான், அதில் இப்போ காலியில்லை" என்று சொன்னது. அந்த நான்கு பேரும் நல்ல பையன்கள்தான், அவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கே அன்று முகம் வாடியது எனக்குத் தெரியும். அவள் பின்னால் அரசுத் தேர்வு எழுதி வேறு வழியில் மேலே வந்தாள். எடித் கிளார்க் 1926இல் அமெரிக்க மின்பொறியாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தார், அங்கே வாசித்த முதல் பெண். நீண்ட லைனில் எவ்வளவு மின்சாரத்தைத் தள்ளினால் இரு முனையிலும் உள்ள இயந்திரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகும், எந்த அளவைத் தாண்டினால் பிய்த்துக்கொள்ளும் என்பது பற்றியது அது. அந்த எல்லையைத் தீர்மானிப்பதே லைனின் ரியாக்டன்ஸ்தான். நம் 0.4.

1943லும் 1950லும் இரண்டு பாகமாக அவர் எழுதிய புத்தகம் மின்பாதைக் கணக்குக்கு ஒரு தலைமுறையின் வேதம். 1947இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியரானார். 1959இல் மறைந்தார். எலக்ட்ரிக் கார் வைத்திருக்கும் மருமகப் பிள்ளைகள் கவனிக்க: உங்கள் வண்டியின் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் நிரலில் பெரும்பாலும் "கிளார்க் டிரான்ஸ்ஃபார்ம்" என்று ஒரு படி இருக்கும். அது இந்த அம்மாதான்.

பூமி வழியாகத் திரும்பும் மின்சாரத்தின் கணக்கையும் தொட்டுவிட்டுப் போகிறேன். ஒரு கம்பி அறுந்து தரையில் விழுந்தால் மின்சாரம் மண் வழியாகத் திரும்பும். அதற்கு எந்தக் கம்பி, எந்த இடைவெளி? 1926இல் ஜான் கார்சன் இதைத் தீர்த்தார். சாதாரண மண்ணில், 50 சுழற்சியில், சுமார் 930 மீட்டர் ஆழத்தில் ஒரு கம்பி புதைந்திருப்பது போலப் பாவித்துக்கொள்ளலாம் என்று அவர் சூத்திரத்திலிருந்து வருகிறது. டவர் உயரம் 25 மீட்டர், திரும்பும் வழியோ கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழத்தில். இதைச் சொல்லும்போது மட்டும் கடைசி பெஞ்ச் நிமிர்ந்து உட்காரும்.

1929இல் எம்.ஐ.டி.யும் ஜெனரல் எலக்ட்ரிக்கும் சேர்ந்து நெட்வொர்க் அனலைசர் என்று ஒன்றைக் கட்டின. ஊர் முழுவதன் மின்வலையையும் ஓர் அறைக்குள் சின்னச் சின்னச் சுருளாகவும் தடையாகவும் வைத்து அளந்துகொள்வது. 1950களின் நடுவில் டிஜிட்டல் கணினி வந்தது, கம்ப்யூட்டர் என்ற பெயர் ஆளிடமிருந்து பெட்டிக்குப் போனது.

சாஃப்ட்வேர் இருக்கும்போது கையால் எதற்கு என்ற கேள்விக்கு என் சொந்த வாதம் எதுவும் வேண்டாம், நம் மாணவர் ஒருவர் போன வருடம் சொன்னதையே சொல்கிறேன். ஒரு துணைமின் நிலையத்தில் பாதுகாப்பு ரிலேக்கான கணக்கு அறிக்கை வெளியிலிருந்து அவர் மேஜைக்கு வந்தது. தூரத்தை அளக்கும் ரிலே. வோல்டேஜை மின்சாரத்தால் வகுத்து, வரும் இம்பீடன்ஸை வைத்து, "பழுது என் லைனுக்குள்ளா, அடுத்த லைனிலா?" என்று முடிவெடுத்து, உள்ளே என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிக்கும். வழக்கமாக லைனின் 80 சதவீதத்துக்குத்தான் உடனடித் துண்டிப்பை வைப்பார்கள். அறிக்கையில் ரியாக்டன்ஸ் கிலோமீட்டருக்கு 0.64 என்று இருந்தது. நான்கு தசம இடம் வரை அச்சிட்டு, வண்ணப் படம் போட்டு, அழகாக. நம் ஆளுக்கு உறுத்தியது. 0.64 எப்படி வரும்? 0.4தானே வர வேண்டும்? ஒரு துண்டுத் தாளில் 1.609ஆல் வகுத்தார். 0.40. அமெரிக்க அட்டவணையில் ஒரு மைலுக்கு இருந்த எண்ணை யாரோ கிலோமீட்டருக்கு என்று ஏற்றிவிட்டார்கள். சாஃப்ட்வேர் ஒன்றும் சொல்லவில்லை, கொடுத்ததைப் போட்டுக் கொடுத்தது.

அப்படியே வைத்திருந்தால்? 80 சதவீதத்தை 1.609ஆல் பெருக்குங்கள், 129 சதவீதம். ரிலே தன் லைன் முழுவதையும் தாண்டி, அந்த நீளத்தில் இன்னும் 29 சதவீதத்தை அடுத்த லைனிலும் தன் வீடாக நினைத்துக்கொள்ளும். அடுத்த லைனில் மரக்கிளை விழுந்தால் இந்த லைனும் சேர்ந்து விழும். ஊர் இரண்டும் இருட்டு, அதில் ஆஸ்பத்திரியும் இருக்கும். அவர் திருத்தி அனுப்பினார். எனக்கு போன் செய்து "சார், உங்க 0.4" என்றார். கென்னலி, ஸ்டைன்மெட்ஸ், எடித் கிளார்க் எல்லாரும் தாங்கிப் பிடித்த எண் அது, என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வீட்டுக்கணக்கு. அதே பேந்தர் கம்பி, ஆனால் மூன்றும் முக்கோணமாக: இடைவெளி 3, 4, 5 மீட்டர். 50 சுழற்சி. கால்குலேட்டர் கூடாது, லாக் டேபிள் மட்டும். வீட்டில் இல்லாதவர்கள் பிள்ளைகளின் பழைய புத்தகப் பெட்டியில் தேடுங்கள். விடை 0.38க்கும் 0.39க்கும் நடுவில் வர வேண்டும். படிகளோடு கீழே எழுதுங்கள். விடை மட்டும் போட்டால் மார்க் கிடையாது என்பது பழைய மாணவர்களுக்குத் தெரியும். தங்கை பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை வரை நேரம்.